திருப்புலிவனம் சாலையில் பூட்டிக்கொண்ட மிஷின்

ஜெனிஃபர் தன் மிஷினை முதன்முதலாக ஓடவிட நின்ற காலையில் ஷெட்டுக்கு வெளியே ஒரு சின்னக் கூட்டமே கூடிவிட்டது. உத்திரமேரூரிலிருந்து திருப்புலிவனம் போகிற சாலையில், வயல்களுக்கு நடுவே தகரக் கூரை போட்ட ஷெட் அது. பங்குத் தந்தை வந்து ஜெபம் சொல்லிப் புனித நீர் தெளித்துவிட்டுப் போயிருந்தார். மிஷினை இறக்கிய கிரேன்காரர் தன் பங்குக்கு ஓர் எலுமிச்சம்பழத்தை நறுக்கிக் குங்குமம் தடவி வாசலில் வைத்திருந்தார். இரண்டையும் யாரும் வேண்டாமென்று சொல்லவில்லை.

ஜெனிஃபர் பட்டனை அழுத்தினார். திரையில் வெளிச்சம் வந்தது. அடுத்து சிவப்பு எழுத்துகள் வந்தன. இயந்திரம் இடம் மாற்றப்பட்டிருக்கிறது, தயாரிப்பாளரைத் தொடர்புகொள்ளவும் என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. அணைத்துவிட்டு மறுபடி போட்டார். மறுபடியும் அதே எழுத்து.

"இன்னாடி, கரண்ட் இல்லியா?" என்று கேட்டார் அவருடைய அம்மா பாக்கியமேரி.

"கரண்ட்லாம் கீதும்மா. இதான் எழுந்திருக்க மாட்டேங்குது."

அந்த மிஷினை ஜெனிஃபருக்கு நன்றாகத் தெரியும். இருங்காட்டுக்கோட்டைப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஒன்பது வருஷம் அதை ஓட்டியவரே அவர்தான். ஜப்பானில் செய்தது. கத்தியும் திரும்பும், வெட்டுகிற உலோகமும் திரும்பும். ஐந்து விதமாக அசைவதால் அதற்கு ஃபைவ் ஆக்சிஸ் மிஷின் என்று பெயர். ஒரு முழு அலுமினியக் கட்டியை உள்ளே வைத்தால், வளைந்து வளைந்து போகிற இறக்கைகளோடு ஒரு சக்கரத்தைச் செதுக்கி வெளியே தரும். இம்பெல்லர் என்பார்கள். டென்மார்க்கில் ஒரு கம்பெனி, ஊர்களின் கழிவுநீரைச் சுத்தம் செய்யும் தொட்டிகளுக்குள் காற்று ஊதும் இயந்திரங்களைத் தயாரிக்கிறது. அந்த இயந்திரங்களின் நடுவில் சுற்றுவது இந்தச் சக்கரம்தான்.

ஜெனிஃபரின் அப்பா ஆல்பர்ட்டும் பாக்கியமேரியும் அடுத்தவர் நிலத்தில் வேலை செய்து பிழைத்தவர்கள். சொந்தமென்று ஒரு சென்ட் இல்லை. பெண் பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் எடுக்கப்போகிறாள் என்றதும், "பொட்டப்புள்ளைக்கு இன்னாத்துக்கு இரும்பு வேலை?" என்று கேட்டவர்கள் உண்டு.  ஆல்பர்ட் பெண்ணைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டு வந்தார். ஜெனிஃபர் வேலைக்குச் சேர்ந்து முதல் கிறிஸ்துமஸ் வருவதற்குள் அவர் காலமாகிவிட்டார்.

கொரோனா முடிந்த கொஞ்ச காலத்தில் அந்தத் தொழிற்சாலை இம்பெல்லர் பிரிவை மூடியது. டென்மார்க் கம்பெனியின் தரம் பார்க்கிற அதிகாரி ஒருவர் ஜெனிஃபருக்கே நேராக மெயில் அனுப்பினார். இந்தச் சக்கரத்தை இனி யார் செய்து தருவார்கள் என்று கேட்டிருந்தார். ஜெனிஃபர் இரண்டு நாள் யோசித்தார். கணவர் செந்தமிழனிடம் பேசினார். பிறகு "நான் செய்கிறேன்" என்று பதில் எழுதினார். தொழிற்சாலை விற்கப் போட்டிருந்த அதே மிஷினைச் சேமிப்பும் வங்கிக் கடனும் போட்டு வாங்கி, டிரெய்லரில் ஏற்றி, மின்கம்பிகளை மூங்கிலால் தூக்கிப் பிடித்து ஊருக்குக் கொண்டுவந்து சேர்த்தார்கள்.

அப்படி வந்த மிஷின்தான் பூட்டிக்கொண்டது.

தயாரிப்பாளரின் சென்னை அலுவலகத்திலிருந்து தேவயானி என்கிற சர்வீஸ் என்ஜினியர் அந்த வாரமே வந்தார். திரையைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது.

"மேடம், யார்கிட்ட கேட்டு இதை நகர்த்துனீங்க?"

"யார்கிட்ட கேக்கணும்? வித்தவங்ககிட்ட வாங்கினோம், ஏத்திக்கினு வந்தோம்."

தேவயானி ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து நிதானமாக விளக்கினார். மிஷினுக்குள் ஒரு சின்ன உணர்கருவி இருக்கிறது. இடம்விட்டு இடம் போனால் அது கண்டுபிடித்து மிஷினைப் பூட்டிவிடும். ஏனென்றால், சாக்கடைத் தண்ணீருக்குக் காற்று ஊதுகிற சக்கரத்தைச் செதுக்குகிற மிஷினால் ஏவுகணை என்ஜினுக்குள் சுற்றுகிற சக்கரத்தையும் செதுக்க முடியும். அதனால் இப்படிப்பட்ட இயந்திரங்களை ஜப்பான் அரசு யாருக்கு, எந்த இடத்துக்கு, எந்த வேலைக்கு என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே வெளிநாட்டுக்கு அனுப்ப விடுகிறது. வாங்கியவர் விற்பதானாலும் நகர்த்துவதானாலும் முன்கூட்டியே கேட்க வேண்டும். பழைய முதலாளிகள் கேட்கவில்லை. புதிதாக வாங்கியவர்களிடம் சொல்லவும் இல்லை.

ஜெனிஃபருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "திருப்புலிவனம் ரோட்டுல குந்திக்கினு நாங்க இன்னா ராக்கெட்டா வுடப் போறோம்?"

"இல்லைன்னு எனக்குத் தெரியுது மேடம். ஜப்பான்ல இருக்கறவங்களுக்கு எப்படித் தெரியும்? அதைக் காட்டணும். மாசக்கணக்குல ஆகலாம்."

தேவயானி போன பிறகு ஜெனிஃபர் மிஷினின் கண்ணாடிக் கதவில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றார். "ஒம்பது வருசம் ஓட்டினேன். ஓட்டத் தெரிஞ்ச எனக்கு, இத்த நகத்தக் கூடாதுன்னு தெரியலியே" என்று செந்தமிழனிடம் சொன்னார். அழவில்லை. அன்று மதியம் சாப்பிடவும் இல்லை.

செய்தி ஊரில் வேறு உருவத்தில் பரவியது. ஜப்பான்காரன் மிஷினைப் பூட்டிவிட்டான், ஏதோ குண்டு சமாச்சாரமாம் என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். ஷெட் இருக்கிற இடத்தைக் குத்தகைக்குக் கொடுத்த ராஜாராம் மறுநாள் பைக்கில் வந்து இறங்கினார். அவருடைய வயல்களில்தான் பாக்கியமேரி வருஷக்கணக்காக நாற்று நட்டிருந்தார். அம்மா அவரை ஐயா என்பார். மகள் சார் என்பார்.

"இன்னாம்மா இது பேஜாரு? போலீசு கீலீசு வருமா? என் பேர்ல கீற நிலம்மா."

பாக்கியமேரி முந்திக்கொண்டார். "ஐயா, என் பொண்ணு தப்பான வேலை செய்யாது. உங்களுக்குத் தெரியாதா?"

"நீ இரும்மா" என்றார் ஜெனிஃபர். ராஜாராமை உள்ளே கூட்டிப்போனார். பழைய தொழிற்சாலையில் செய்த மாதிரிச் சக்கரம் ஒன்று மேசைமேல் இருந்தது. அதை எடுத்து அவர் கையில் கொடுத்தார். "சார், இதான் நாங்க செய்யப் போறது. கக்கூஸ் தண்ணியச் சுத்தம் பண்றதுக்கு. இதே மாதிரி வேற எதுக்கோவும் செய்யலாமாம். அதனால அவங்க பயப்படறாங்க. அவங்க பயப்படறது நியாயம்தான். வந்து பாக்கட்டும். போலீசு வந்தாலும் நானே காட்றேன்."

ராஜாராம் சக்கரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கண்ணாடிபோல மினுங்குகிற அந்த இறக்கைகளில் விரலை ஓட்டினார். "இத்த நீ செஞ்சியா?" என்று கேட்டார். "ஆமா சார்."  அவர் சக்கரத்தைப் பத்திரமாக மேசையில் வைத்துவிட்டுப் போனார். அடுத்த வாரம் அவரே ஆள் வைத்து ஷெட்டுக்கு வரும் மண்பாதைக்குக் கப்பிக் கல் கொட்டினார்.

கொஞ்ச நாளில் வசந்த்குமார் என்று ஒருவர் தேடிக்கொண்டு வந்தார். பழைய மிஷின்களை வாங்கி விற்கிறவர்களுக்குப் பழக்கமான ஆள். மடிக்கணினிப் பையை இறக்கிவைத்து, காபி குடித்து, மிஷினை ஒரு சுற்று சுற்றி வந்தார்.

"இதுக்கா இவ்ளோ நாள் காத்துக்கினு கீறீங்க? அந்தச் சென்சாரைக் கழட்டிட்டு கன்ட்ரோலை மாத்திவுட்டா தீர்ந்துச்சு. ஊருல பாதி மிஷின் அப்படித்தான் ஓடுது."

செந்தமிழனுக்கு மனசு அசைந்தது. டென்மார்க் ஆர்டர் ஷெட்டுக்குள் வராமல் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தது. வேலைக்கென்று சேர்த்த பெண்கள் பூஜாவும் மற்ற இரண்டு பேரும் தினமும் வந்து, தரையைப் பெருக்கி, சும்மா நிற்கிற மிஷினைத் துடைத்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தார்கள்.

"ஜெனி, நம்ம காசு போட்டு வாங்கின மிஷின்தானே? இதுல இன்னா தப்பு?"

ஜெனிஃபர் வசந்த்குமாரையே பார்த்துப் பதில் சொன்னார். "அண்ணே, நான் செய்யற சாமான் டென்மார்க்குப் போவுது. எந்த மிஷின்ல செஞ்சீங்க, அது எப்படி வந்துச்சுன்னு அவன் ஒரு நாள் கேப்பான். அன்னிக்கு நான் இன்னா சொல்றது? பூட்டை ஒடச்சிட்டேன்னா? ஒரு தடவை ஒடச்சா, அப்புறம் வர்ற ஒவ்வொரு ஆர்டருக்கும் பொய் சொல்லிக்கினே இருக்கணும். எனக்கு அவ்ளோ ஞாபக சக்தி இல்லண்ணே."

வசந்த்குமார் சிரித்துவிட்டார். நம்பர் எழுதிய அட்டையை வைத்துவிட்டுப் போனார். செந்தமிழன் இரண்டு நாள் மனைவியிடம் சரியாகப் பேசவில்லை. மூன்றாம் நாள் அந்த அட்டையை அவரே எடுத்துக் குப்பையில் போட்டார்.

அதே வாரம் ஜெனிஃபர் டென்மார்க்குக்கு உள்ளதை உள்ளபடி எழுதினார். மிஷின் பூட்டிக்கொண்டிருக்கிறது, கேட்காமல் நகர்த்தியது எங்கள் பக்கத்துப் பிழை, சரியான வழியில்தான் திறப்போம், எப்போது என்று இன்று சொல்ல முடியாது. பதில் வர நாளானது. வந்த பதிலில் பாதி இனிப்பு, பாதி கசப்பு. உண்மையைச் சொன்னதற்கு நன்றி, ஆனால் எங்களால் முழுதாகக் காத்திருக்க முடியாது, ஆர்டரில் பெரும்பகுதியை ஐரோப்பாவிலேயே வேறு ஒருவருக்குக் கொடுக்கிறோம், மீதியை உங்களுக்காக வைத்திருக்கிறோம் என்று எழுதியிருந்தார்கள். இழந்தது இழந்ததுதான். அந்தப் பகுதி இன்றுவரை ஜெனிஃபரிடம் திரும்பி வரவில்லை.

காத்திருந்த மாதங்களில் அவர் சும்மா இருக்கவில்லை. நம் நாட்டுக்கும் இப்படி ஒரு பட்டியல் இருக்கிறது, இன்னின்ன பொருளை அனுமதியில்லாமல் வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது என்பதெல்லாம் அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. கிண்டியில் சிறுதொழில்காரர்களுக்கு நடந்த வகுப்புக்குப் பஸ் பிடித்துப் போய்வந்தார். தன் சக்கரம் அந்தப் பட்டியலில் வருமா என்று கேட்டார். அந்த அலுமினியச் சக்கரம் வராது என்று எழுத்தில் வாங்கிக்கொண்டார். ஒரு பழைய சாதாரண மிஷினில் செங்கல் சூளைக்காரர்களுக்கும் அரிசி ஆலைக்காரர்களுக்கும் தண்டு, அதைத் தாங்கும் புஷ் வளையம் எல்லாம் கடைந்து கொடுத்து ஷெட்டை நடத்தினார். பூஜாவுக்கும் மற்ற பெண்களுக்கும் கணினியிலேயே சக்கரத்தை வெட்டிப் பார்க்கக் கற்றுக்கொடுத்தார். தேவயானி கேட்ட கேள்விகளுக்கெல்லாம் பதில் அனுப்பினார். என்ன செய்வீர்கள், யாருக்கு, அவர்கள் அதை எங்கே பொருத்துகிறார்கள், ஷெட்டுக்குள் யார் யார் வரலாம். கேள்வி முடியவே முடியாதோ என்று இருந்தது.

ஆடிக் காற்று அடித்துக்கொண்டிருந்த ஒரு நாள் தேவயானியோடு ஜப்பானிலிருந்து மொரிதா என்பவர் வந்தார். ஐம்பது வயதிருக்கும், ஒல்லியான மனிதர். வந்ததும் மிஷின் பக்கமே போகவில்லை. ஷெட்டின் கதவைத் திறந்து மூடிப் பார்த்தார். இந்தக் கதவுக்கு எத்தனை சாவி என்று கேட்டார். பின்பக்கம் என்ன இருக்கிறது என்றார். நெல் வயல் என்றதும் வெளியே போய் வரப்பில் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு வந்தார். பிறகு தரையில் மண்டியிட்டு, மிஷினின் கால்கள் மட்டமாக நிற்கின்றனவா என்று ஒவ்வொன்றாகச் சோதித்தார். மாதிரிச் சக்கரத்தை வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தார்.

கடைசியாக ஒரு கேள்வி கேட்டார். தேவயானி அதைத் தமிழில் சொன்னார். "தொழிற்பேட்டையிலேயே வாடகைக்கு இடம் எடுத்திருக்கலாமே, இவ்வளவு தூரம் வயலுக்கு நடுவுல ஏன் கொண்டுவந்தீங்கன்னு கேக்கறார்."

ஜெனிஃபர் வாசலருகே நின்ற பூஜாவையும் மற்ற பெண்களையும் காட்டினார். "இதுங்க எங்க காலனிப் பொண்ணுங்க. நான் ஒம்பது வருசம் விடிகாலைல நாஷ்டா கூடத் துண்ணாம கம்பெனி பஸ் ஏறினேன். பஸ்ஸுலயே பாதி ஆயுசு போச்சு. எங்க ஊரு பொண்ணுங்க எல்லாம் பஸ் ஏறி அங்க போறதுக்கு, மிஷின் ஒண்ணு லாரி ஏறி இங்க வரட்டுமேன்னு நெனச்சேன்."

தேவயானி அதை மொழிபெயர்த்தார். மொரிதா தலையசைத்தார்.  ஆனால் அன்று அவர் மிஷினைத் திறக்கவில்லை. பார்த்ததைத் தங்கள் அரசுக்கு எழுதி, அங்கிருந்து அனுமதி வர வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் போனதும், "இம்மா தூரம் வந்தும் தொறக்காம போய்ட்டாரே" என்று பாக்கியமேரி ஆற்றாமல் புலம்பினார்.

அனுமதி வந்தது. மறுபடியும் மொரிதாவே வந்தார். எல்லாரையும் சற்றுத் தள்ளி நிற்கச் சொல்லி, தன் உடம்பால் திரையை மறைத்துக்கொண்டு ஓர் எண்ணைத் தட்டினார். யாரும் சொல்லாமலேயே பெண்கள் மூவரும் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுகொண்டார்கள். சிவப்பு எழுத்து மறைந்தது. மொரிதா ஒதுங்கி நின்று, பட்டனைக் காட்டி, நீங்களே என்று சைகை செய்தார்.

ஜெனிஃபர் அழுத்தினார். உள்ளே சுழல்தண்டு மெல்ல முனகி, பிறகு வேகமெடுத்தது. ஒன்பது வருஷம் கேட்ட சத்தம் அது. "ஓடுதும்மா!" என்று கத்திவிட்டார். முப்பதைத் தாண்டிய பெண்மணி, முதலாளி, சின்னப் பிள்ளைபோல அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு குதித்தார். மொரிதா முதன்முறையாகச் சிரித்தார்.

அந்த வருஷக் கடைசியில் முதல் பெட்டிகள் டென்மார்க்குக்குப் போயின. ஒரு சக்கரமும் கழிவு என்று திரும்பி வரவில்லை. அடுத்த வருஷம் அதே நாட்டிலிருந்து வேறொரு கம்பெனியும் விசாரித்தது. மிஷின் எப்படி வந்தது என்பதைக் காட்ட முடியுமா என்பதே அவர்கள் கேட்ட முதல் கேள்வி. ஜெனிஃபரிடம் காட்டுவதற்கு எல்லாம் இருந்தது.

வேறு விதமான விசாரணையும் ஒன்று வந்தது. ஏதோ வெளிநாட்டு நகரத்தில் வாங்கி விற்கிற கம்பெனி என்று சொல்லிக்கொண்டவர்கள் ஒரு படம் அனுப்பினார்கள். உள்ளங்கைக்குள் அடங்குகிற சக்கரம். கடும் சூட்டைத் தாங்குகிற நிக்கல் கலவையில் வேண்டுமாம், சீக்கிரம் வேண்டுமாம். இது எந்த இயந்திரத்துக்கு என்று ஜெனிஃபர் கேட்டார். பொதுவான தொழில் உபயோகம் என்று பதில் வந்தது. யார் பொருத்தப் போகிறார்கள் என்று கேட்டார். அதற்குப் பதில் வரவில்லை. விலையை உயர்த்தித் தருகிறோம் என்று மட்டும் வந்தது.

"கேட்டாச்சு, சொல்லலை. வுட்டுடு ஜெனி" என்றார் செந்தமிழன்.

ஜெனிஃபர் விட்டுவிட்டார். முடியாது என்று ஒரே வரியில் எழுதி, அந்தப் படத்தைக் கிண்டி வகுப்பில் சொல்லிக்கொடுத்த அதிகாரிகளுக்கும் அனுப்பிவைத்தார். அது உண்மையிலேயே எதற்கென்று இன்றுவரை தெரியாது. யாரோ ஒரு பொழுதுபோக்குக்காரர் பொம்மை விமானத்துக்குக் கேட்டிருக்கலாம். ஏவுகணைக்கும் கேட்டிருக்கலாம். "தெரியாத ஆளுக்குத் தெரியாத சாமான் செஞ்சு குடுத்துட்டு, அப்புறம் பேப்பர்ல எந்த ஊர்ல குண்டு வுழுந்துச்சுன்னு தேடிக்கினு இருக்க என்னால ஆவாது" என்று ஜெனிஃபர் சொன்னார். சொன்ன விதத்தில் பெருமை இல்லாமலில்லை. இருக்க வேண்டியதுதான்.

இப்போது ஷெட்டில் ஏழு பெண்கள் வேலை செய்கிறார்கள். மிஷினைத் தனியாக ஓட்டுகிற அளவுக்குப் பூஜா தேறிவிட்டார். பழைய மிஷினை வாங்கி நகர்த்தப்போகிறவர்கள் காஞ்சிபுரம், ஒரகடம் பக்கமிருந்தெல்லாம் ஜெனிஃபருக்குப் போன் செய்து, யாரிடம் முதலில் கேட்க வேண்டும் என்று விசாரிக்கிறார்கள். பாடம் சொல்வதில் அவர் சலிப்பதில்லை.

போன ஈஸ்டருக்கு முன்னால் டென்மார்க்கிலிருந்து ஒரு புகைப்படம் வந்தது. பனி மூடிய ஒரு சிற்றூர், வட்ட வட்டமான தொட்டிகள், ஓரத்தில் நீல நிறத்தில் காற்று ஊதும் இயந்திரம். இதற்குள் சுற்றுவது உங்கள் ஊர்ச் சக்கரம் என்று கீழே எழுதியிருந்தது. செந்தமிழன் அதைப் பெரிதாக அச்செடுத்து வந்தார். பாக்கியமேரி அதை மடிக்காமல் பிளாஸ்டிக் உறையில் போட்டு ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலுக்கு எடுத்துப்போனார். பூசை முடிந்து வெளியே வந்த ஒவ்வொருவரையும் நிறுத்திக் காட்டினார். ராஜாராம் வீட்டில் காட்டினார். உத்திரமேரூர் பஸ் நிலையத்தில் முன்பின் தெரியாத ஒரு பெண்ணிடமும் காட்டினார்.

"இது எந்த ஊரும்மா?" என்று அந்தப் பெண் கேட்டாராம்.

"ஊரு பேரு வாயில நொழையல. ஆனா அந்த ஊரு சனம் கால்வாய்ல வுடற தண்ணிய என் பொண்ணு செஞ்ச சக்கரந்தான் சுத்தம் பண்ணுது" என்றார் பாக்கியமேரி. பஸ் வந்தும் அவர் ஏறவில்லை. அந்தப் பெண்ணுக்கு மீதிக் கதையையும் சொல்ல வேண்டியிருந்தது.